51 சதவீதம்: பர்பனும் ரையும் பிரிந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு எண்ணைப் பத்தினது. 51.

அமெரிக்காவில் ஒரு பாட்டில் மேல் 'பர்பன்' என்று எழுத வேண்டுமானால், அதைக் காய்ச்ச எடுத்த தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 'ரை' என்று எழுத வேண்டுமானால், குறைந்தது 51 சதவீதம் ரை தானியம் இருக்க வேண்டும். மத்த விதிகள் பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறம் தீயில் கரித்த புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலுக்கு வரும்போது 40க்குக் குறையக் கூடாது. பர்பனில் நிறமோ மணமோ சேர்க்க முடியாது. ரையில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல் இருந்தால் அதிலும் சேர்க்க முடியாது, ரெண்டு வருஷமாவது பீப்பாயில் இருந்திருக்கும்.

ஒரு சின்ன விளக்கம். ரையை சில பேர் கம்புன்னு தமிழ்ல சொல்லிடுறாங்க. கம்பு வேற பயிர். ரை, கோதுமைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். குளிரையும் மோசமான மண்ணையும் தாங்கி வளரும். ஜெர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் ஏழைகளின் ரொட்டி அதில்தான். நம்ம ஊர்ல அதுக்குத் தனிப் பேர் கிடையாது, அதனால ரைன்னே வச்சுக்கலாம்.

இப்போ கேள்விக்கு வருவோம். 1790களில் பென்சில்வேனியாவிலோ மேரிலாந்திலோ ஒருத்தர்கிட்ட போய் விஸ்கி கேட்டிருந்தா, உங்க கைக்கு வந்திருக்கிறது ரை. இருநூறு வருஷம் கழித்து, 1990களில், கென்டக்கியின் பெரிய டிஸ்டிலரிகள் வருஷத்தில் ஒரு நாள், ரெண்டு நாள்தான் ரை காய்ச்சின. மீதி நாளெல்லாம் பர்பன். ஒரு நாட்டின் முக்கியமான விஸ்கி எப்படி இப்படி ஓரத்துக்குப் போச்சு? மக்களோட நாக்கு மாறிடுச்சுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போகலாம். ஆனா வரலாறைப் பார்த்தா நாக்குக்கு அதுல கடைசி இடம்தான். வரி, ஆறு, அடிமைமுறை, லேபிள் சட்டம், மதுவிலக்கு எல்லாம் அதுக்கு முன்னாடி நிக்குது.

குதிரை முதுகில் ஒரு பொருளாதாரம்

1780களின் மேற்குப் பென்சில்வேனியாவை மனசுல கொண்டு வாங்க. அல்லெகேனி மலைக்கு அந்தப் பக்கம். அங்கே குடியேறியவர்களில் ஸ்காட்லாந்து வழி வந்த அயர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் நிறைய பேர். நிலத்தில் ரை நன்றாக விளைந்தது. ஆனால் வாங்க ஆள் இருந்தது மலைக்கு இந்தப் பக்கம், கடற்கரை நகரங்களில். நடுவில் நல்ல சாலை இல்லை, பொதி குதிரைதான். ஒரு குதிரை சுமக்கும் தானியத்தை விற்றால் வழிச்செலவுக்கே சரியாகப் போகும். அதே தானியத்தைக் காய்ச்சி விஸ்கியாக்கினால், ஒரே குதிரை பல மடங்கு மதிப்பைச் சுமக்கும். வழியில் கெட்டும் போகாது.

நம்ம பாஷையில சொன்னா, விஸ்கி அவங்களுக்கு தானியத்தோட ஜிப் ஃபைல். நாணயம் அபூர்வமான ஊரில் அதுவே பணமாகவும் இருந்தது. கூலியை விஸ்கியில் கொடுத்தார்கள், கடையில் விஸ்கி கொடுத்து உப்பு வாங்கினார்கள்.

1791ல் இதன் மேல் கலால் வரி விழுந்தது. விடுதலைப் போரின் கடனை அடைக்க, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கொண்டுவந்த வரி. உள்நாட்டில் செய்யும் ஒரு பொருள் மேல் அந்தப் புது நாடு போட்ட முதல் வரி அதுதான். பெரிய டிஸ்டிலரிக்காரர்கள் காய்ச்சும் அளவைக் கூட்டி, காலனுக்கு வரும் வரியைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தது. வருஷத்தில் சில வாரம் மட்டும் காய்ச்சும் விவசாயிக்கு அந்த வசதி இல்லை. வரியையும் நாணயமாகவே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வழக்கு, அதற்கு மலை தாண்டி பிலடெல்பியா வரை போக வேண்டும். போய் வருவதற்குள் ஒரு அறுவடை போய்விடும்.

1794 ஜூலையில் வரி வசூல் அதிகாரி ஜான் நெவிலின் வீட்டைக் கூட்டம் சூழ்ந்து எரித்தது. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, கொஞ்ச தூரம் தானே குதிரையில் போனார். படை வந்து சேர்வதற்குள் கிளர்ச்சி கலைந்துவிட்டது. தேசத் துரோகக் குற்றம் உறுதியான இரண்டு பேரையும் வாஷிங்டன் மன்னித்தார். வரி மட்டும் ஜெபர்சன் ஆட்சியில் 1802ல் ரத்தாகும் வரை இருந்தது.

இந்த இடத்துல இணையத்துல ஒரு கதை ஓடும். கிளர்ச்சிக்காரங்க எல்லாம் கென்டக்கிக்கு ஓடிப்போய் பர்பனைக் கண்டுபிடிச்சாங்கன்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா காலக்கணக்கு இடிக்குது. கென்டக்கியில் அதற்கு முன்பே விஸ்கி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே வரியைக் கட்ட மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேர்

கிளர்ச்சியை அடக்கி மூணு வருஷத்தில், 1797ல், வாஷிங்டனே டிஸ்டிலரி ஆரம்பித்தார். அவருடைய பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். அவர் கொடுத்த யோசனை. மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஐந்து செம்புப் பாத்திரங்கள் வைத்துக் காய்ச்சினார்கள். 1799ல் மட்டும் ஏறக்குறைய 11,000 காலன், அதாவது 41,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய டிஸ்டிலரிகளில் அதுவும் ஒன்று.

தானியக் கணக்கும் பதிவாகியிருக்கிறது: 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. தொழில்காரர்கள் இந்த விகிதத்தை மேஷ் பில் என்பார்கள். இன்றைய சட்டத்தில் வைத்தாலும் தானியக் கணக்கில் அது ரைதான். ஆனால் அன்று பெரும்பாலும் பீப்பாயில் ஊற வைக்காமல், தண்ணி மாதிரி நிறமில்லாமலேயே விற்றார்கள்.

அந்த டிஸ்டிலரியில் உழைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமத்தி. ஆறு பேரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். பெயர் எப்படி மிஞ்சியது என்றால், 1799ல் வாஷிங்டன் தன் பண்ணைகளில் இருந்த அடிமைகளைப் பட்டியல் எடுத்தார். சொத்துக் கணக்கு மாதிரி எழுதிய தாளில்தான் அவர்கள் பெயர் இருக்கிறது.

அமெரிக்க விஸ்கி வரலாறுன்னு பாட்டில்ல அச்சடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் கர்னல், பாதிரியார், நிறுவனர் பெயர்கள்தான். எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார்தான் 1789ல் பர்பனைக் கண்டுபிடித்தார் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். அவர் காய்ச்சினார் என்பது உண்மை, கண்டுபிடித்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பக்கம் டென்னசியில் நேதன் 'நியரஸ்ட்' கிரீன் என்ற கறுப்பின மனிதர், டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக வேலை பார்த்தபோதே விஸ்கி காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். அங்கே வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு அவர்தான் தொழில் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன் பெயர் ஜாக் டேனியல். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, சுதந்திர மனிதராக, கிரீன் அந்தப் பையனின் டிஸ்டிலரிக்கே முதல் தலைமைக் காய்ச்சுநர் ஆனார்.

நம்ம ஊர்ல நிறைய பேருக்கு முதல் அமெரிக்க விஸ்கி ஜாக் டேனியல்ஸ்தான். அந்த நிறுவனம் இந்தக் கதையைப் பரவலாகப் பேச ஆரம்பித்தது 2016ல், தன் 150வது ஆண்டு விழா சமயத்தில்.

சோளமும் ஆறும்

கென்டக்கிக்குப் போவோம். அங்கே மண்ணுக்குச் சொந்தமான தானியம் மக்காச்சோளம். ஐரோப்பியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தக் கண்டத்தின் பழங்குடிகள் வளர்த்து வந்த பயிர். ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், காடு வெட்டிய புது நிலத்திலும் வரும். குடியேறியவர்கள் கையில் எது மிச்சமோ அதைத்தானே காய்ச்சுவார்கள்? அங்கே மிச்சம் சோளம்.

பென்சில்வேனியாவுக்கு மலை என்றால் கென்டக்கிக்கு ஆறு. ஒஹாயோ ஆற்றில் தட்டைப் படகு ஏறினால் மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ். அங்கே பிரெஞ்சு வழி வந்த வணிகர்கள், பிராந்தி பழகிய நாக்கு. மரப் பீப்பாயில் கிடந்து பழுப்பாகி, காரம் அடங்கி வந்த விஸ்கிக்கு அங்கே வாங்க ஆள் இருந்தது. பர்பன் என்ற பெயர் கென்டக்கியின் பர்பன் கவுண்டியிலிருந்து வந்ததா, நியூ ஆர்லியன்ஸின் பர்பன் தெருவிலிருந்து வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் முடிகிறது ஒரே இடத்தில்: பிரான்ஸின் பர்பன் அரச வம்சம்.

அடுத்து எஞ்சினியர்களுக்குப் பிடிச்ச பகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கி காய்ச்சுவது கைப்பக்குவம். ஒரு வாரம் நன்றாக வரும், அடுத்த வாரம் கெட்ட நாற்றம் அடிக்கும். இதற்கு ஒரு மருந்து, சவர் மேஷ். ஏற்கெனவே காய்ச்சி முடித்த புளித்த கூழில் கொஞ்சத்தை எடுத்து அடுத்த கூழில் கலப்பது. பழைய மாவைக் கொஞ்சம் மிச்சம் வச்சு புது மாவுல கலக்குற மாதிரி தெரியும், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. காய்ச்சிய கூழில் ஈஸ்ட் செத்திருக்கும். அதிலிருந்து வருவது புளிப்பு மட்டும்தான். அந்தப் புளிப்பு கெட்ட பாக்டீரியாவை அடக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நொதிக்க வைக்கும்.

கேத்தரின் கார்ப்பென்டர் என்ற கென்டக்கிப் பெண்மணி 1818ல் இதற்கான செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். பின்னாடி, 1830களிலிருந்து, ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் வெப்பமானி, சர்க்கரை அளவு பார்க்கும் கருவி எல்லாம் வைத்து ஒவ்வொரு படியையும் அளந்து, குறித்து, திரும்பத் திரும்ப ஒரே தரத்தில் வர வைத்தார். கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகம் பாணியில் குரோவைச் சொல்லிவிடுகிறார்கள். அவர் செய்தது வேறு, அதுவும் சின்ன விஷயம் இல்லை: லாக் எடுத்தார், ப்ராசஸைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்.

லேபிளை நம்பலாமா?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விஸ்கி என்று விற்றதில் நிறைய பங்கு விஸ்கியே இல்லை. ரெக்டிஃபையர் என்று ஒரு வகை வியாபாரிகள் இருந்தார்கள். மணமில்லாத வெறும் ஸ்பிரிட்டை மொத்தமாக வாங்குவார்கள். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, இனிப்புக்கு உலர்ந்த பிளம் சாறு. மோசமான ஆளாக இருந்தால் புகையிலை, கிரியோசோட் வரை போகும். வெளியே மட்டும் 'பழைய பர்பன்', 'சுத்தமான ரை'. குடிப்பவருக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

நேர்மையாகக் காய்ச்சி வருஷக்கணக்கில் காத்திருந்து விற்பவர்களுக்கு இது வயிற்றில் அடி. அவர்களில் முக்கியமானவர் கர்னல் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர். அவர்களின் முயற்சியில் 1897ல் பாட்டில்ட் இன் பாண்ட் சட்டம் வந்தது. ஒரே டிஸ்டிலரி, ஒரே காய்ச்சும் பருவம், அரசு மேற்பார்வையில் உள்ள கிடங்கில் குறைந்தது நாலு வருஷம், சரியாக 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீதம். இவ்வளவும் இருந்தால் பாட்டில் மேல் அரசாங்க முத்திரை. குடிப்பவனைக் காப்பாற்ற அமெரிக்க அரசு போட்ட ஆரம்பகாலச் சட்டங்களில் இதுவும் ஒன்று. தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1906ல்.

அந்தச் சட்டம் வந்ததும் அடுத்த சண்டை: எது விஸ்கி? 1909ல் அதிபர் வில்லியம் டாஃப்ட் நேரடியாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாட்டு அதிபர், விஸ்கின்னா என்னன்னு! அவர் சொன்னது: தானியத்திலிருந்து வந்ததெல்லாம் விஸ்கி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கலந்ததைக் கலந்தது என்றே போட வேண்டும், பழைய முறையில் செய்ததை ஸ்ட்ரெய்ட் எனலாம். கரும்பு வெல்லப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டுக்கு விஸ்கி என்ற பெயர் கிடையாது.

கடைசி வரி நமக்குக் கொஞ்சம் உறைக்கும். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும் பங்கின் அடிப்படை இன்னைக்கும் வெல்லப்பாகு ஸ்பிரிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. 1909ல் டாஃப்ட் மேசைக்கு வந்த கேள்வி இன்னும் உயிரோடதான் இருக்கு.

மருந்துக் கடை விஸ்கி

1920 ஜனவரி 17, நாடு முழுக்க மதுவிலக்கு. இதைக் கேட்டவர்களை முட்டாள்கள் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. அது நியாயம் இல்லை. சம்பளம் வீட்டுக்கு வராத, அடி வாங்கிய பெண்கள் பல பத்தாண்டுகள் தெருவில் இறங்கிப் போராடியதும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. தமிழ்நாட்டுல வளர்ந்த யாருக்கும் இதைத் தனியா விளக்கத் தேவையில்ல.

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். சில நிறுவனங்களுக்கு மட்டும் அதற்கு உரிமம். அப்படி விற்ற பெயர்களில் ஒன்று பென்சில்வேனியாவின் ஓல்ட் ஓவர்ஹோல்ட் ரை. அதில் பங்கு வைத்திருந்தவர் ஆண்ட்ரூ மெல்லன். 1921ல் அமெரிக்க நிதியமைச்சர் ஆனார். மதுவிலக்கை அமல்படுத்தும் பொறுப்பு அப்போது எந்தத் துறையின் கீழ் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? நிதித்துறை. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

1933 டிசம்பர் 5ல் மதுவிலக்கு முடிந்தது. பர்பனும் ரையும் ரெண்டுமே அடிபட்டுத்தான் எழுந்தன, ஆனால் ஒரே மாதிரி எழவில்லை. காரணங்களை வரிசையாகப் பாருங்கள். சோளம் விலை குறைவு. ரைக் கூழ் பசை மாதிரி கொழகொழவென்று இருக்கும், நுரை பொங்கும், தொட்டியில் ஒட்டும், வேலை அதிகம். பதிமூணு வருஷம் நல்ல பழைய சரக்கு இல்லாமல், கனடா கலப்பு விஸ்கிக்கும் லேசான சுவைக்கும் மக்கள் பழகியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் டிஸ்டிலரிகள் போருக்கான தொழிற்சாலை ஆல்கஹால் காய்ச்சப் போயின. பென்சில்வேனியாவில் நிலக்கரியும் எஃகும் வேறு பிழைப்பைக் கொடுத்தன. கென்டக்கிக்கோ பர்பன்தான் அடையாளம், வேலைவாய்ப்பு, அரசியல் எல்லாம். 1964ல் அமெரிக்க நாடாளுமன்றமே பர்பன் அமெரிக்காவின் தனித்துவமான பொருள் என்று தீர்மானம் போட்டது. ரைக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

பழைய ரை ஊர்களில் ஒவ்வொரு டிஸ்டிலரியாக மூடியது. பெயர்களை மட்டும் கென்டக்கிக்காரர்கள் வாங்கினார்கள். 1987ல் ஓல்ட் ஓவர்ஹோல்ட் ஜிம் பீம் நிறுவனத்தின் கைக்குப் போனது. லேபிளில் பென்சில்வேனியாவின் ஆபிரகாம் ஓவர்ஹோல்ட் இன்னும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே இருப்பது கென்டக்கியில் காய்ச்சியது. ஊர் போய், மண் போய், கைகள் போய், பெயர் மட்டும் மிஞ்சினது.

2000களில் காக்டெயில் பார்கள் மேன்ஹாட்டன், ஓல்ட் ஃபேஷன்ட் போன்ற பழைய செய்முறைகளைத் தோண்டி எடுத்தபோது, அவற்றில் பலவற்றுக்கு ரை தேவைப்பட்டது. ரை திரும்ப வந்தது. வந்த வேகத்துக்குக் கையிருப்பு எங்கே இருந்தது? இந்தியானாவின் லாரன்ஸ்பர்க்கில், முன்பு சீகிராம் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த டிஸ்டிலரியில். கலப்பு விஸ்கிக்குக் காரம் கூட்ட அவர்கள் செய்து வைத்த 95 சதவீத ரை, இப்போது பல பிராண்டுகளின் பாட்டிலில் தனியாகவே வந்தது.

வீட்டில் ரெண்டு கிளாஸ்

இவ்வளவு வரலாறும் நாக்குல தெரியுமா? தெரியும், சோதனையைச் சரியா வச்சா. அடுத்து சொல்றது 21 வயசு ஆனவங்களுக்கு, அதுவும் குடிக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கு மட்டும். இல்லாதவங்க இதுக்காக ஆரம்பிக்க வேண்டாம், கதை அப்படியே கேட்டாலே நல்லாத்தான் இருக்கு.

ஏ-பி டெஸ்ட்டில் முதல் விதி என்ன? ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றணும். 40 சதவீத பர்பனையும் 50 சதவீத ரையையும் பக்கத்துல வச்சா, நீங்க ஒப்பிடுறது தானியத்தை இல்ல, ஆல்கஹாலை. அதனால ஒரே டிஸ்டிலரி, ஒரே ப்ரூஃப், ஏறக்குறைய ஒரே வயசு வேணும். என் கைக்கு எட்டியதில் சிறந்த ஜோடி, எவன் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட் பர்பனும் ரிட்டன்ஹவுஸ் பாட்டில்ட் இன் பாண்ட் ரையும். ரெண்டும் ஹெவன் ஹில் நிறுவனத்தோடது, ரெண்டும் 100 ப்ரூஃப், ரெண்டும் குறைந்தது நாலு வருஷம். பர்பனில் 78 சதவீதம் சோளம், ரை வெறும் 10. அந்தப் பக்கம் ரை சரியாக 51. 1897ல ரெக்டிஃபையர்களுக்காகப் போட்ட சட்டம் 2020கள்ல நமக்கு டெஸ்ட் கேஸ் எழுதிக் கொடுக்குது. இந்த ரெண்டும் நம்ம ஊர்ல லேசுல கிடைக்காது, வெளிநாட்டுல இருந்து வர்ற நண்பர்கள் தயவுதான். கிடைக்கலைன்னா, ப்ரூஃப் ஒண்ணா இருக்கிற எந்த ஜோடியும் பரவாயில்ல.

ஒரே மாதிரி கிளாஸ் ரெண்டு, ஒவ்வொன்றிலும் 15 மில்லி போதும். அடியில் மார்க் போட்டு, வேற ஒருத்தரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்க. ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி மணத்தை அமுக்கிடும். முதல்ல முகருங்க. அப்புறம் ஒரு வாய். அப்புறம் சில சொட்டு தண்ணி விட்டு மறுபடியும். நடுவுல சாதா பிஸ்கட், தண்ணி. மிக்ஸர், ஊறுகாயெல்லாம் டெஸ்ட் முடிஞ்சப்புறம்.

ரெண்டிலும் வெனிலாவும் வெல்லப்பாகும் வரும். அது தானியம் இல்லை, பீப்பாய். ஓக் மரத்தை உள்ளே கரிக்கும்போது அதில் இருக்கிற லிக்னின் உடைந்து வெனிலின் வரும், மரத்தின் சர்க்கரைகள் கருகி கேரமல் வாசம் வரும். கென்டக்கி வெயிலில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். வருஷக்கணக்கில் இதேதான். கிளாஸில் சர்க்கரை இல்லை, இனிப்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மணம்.

மரத்தைத் தள்ளிட்டுப் பார்த்தா மிச்சம் தெரியறதுதான் தானியம். பர்பன் நாக்கின் நடுவில் உருண்டையாக, வேர்க்கடலை மிட்டாய் மாதிரி நிற்கும். ரை ஓரங்களுக்கு ஓடும். மிளகு, கிராம்பு, லேசாகப் புதினா, சில நேரம் ஓமம். விழுங்கினதும் பர்பன் மெதுவா அணையும், ரை வறண்டு, சுருக்குன்னு முடியும். எங்க வீட்டு டெஸ்ட்ல நாலு பேர்ல மூணு பேர் கண்டுபிடிச்சாங்க. நாலாவது ஆளு ரெண்டு தடவையும் மாத்திச் சொன்னான், ஆனா ஏன் அப்படித் தோணுச்சுன்னு அவன் சொன்ன காரணம்தான் எல்லாரையும் விட நல்லா இருந்தது. 'இது கோபமா இருக்கு, அது தூக்கமா இருக்கு'ன்னான்.

ஒரு விஷயம் இதில் மறக்கக் கூடாது. 51 என்பது பாஸ் மார்க். 51 எடுத்தவனும் ரை, 95 எடுத்தவனும் ரை. லேபிள் உங்களுக்கு பாஸ்னு மட்டும் சொல்லும், மார்க்ஷீட் காட்டாது. ஃபோர் ரோஸஸ் டிஸ்டிலரியில் ஒரு பர்பன் செய்முறையில் 35 சதவீதம் ரை இருக்கு. அதையும் கென்டக்கியின் 51 சதவீத ரையையும் பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அந்த 51ஐயும் இந்தியானாவின் 95ஐயும் வச்சா, ரெண்டும் ஒரே பெயரில் வருதான்னு சந்தேகம் வரும். ரை எனக்குப் பிடிக்காதுன்னு ஒரு பாட்டிலை வச்சு முடிவு பண்ண வேண்டாம்னு சொல்றது இதனாலதான்.

அடுத்த தடவை ஒரு அமெரிக்க விஸ்கி பாட்டில் கைக்கு வந்தா, முன்பக்கப் படத்தை விட்டுட்டு சின்ன எழுத்துல மூணு விஷயம் தேடுங்க. ஸ்ட்ரெய்ட்டா? பாட்டில்ட் இன் பாண்டா? எந்த மாநிலத்துல காய்ச்சினது? இந்த மூணு வார்த்தையும் யாரோ சண்டை போட்டு வாங்கினது. விஷம் கலந்த சரக்கு குடிச்சவங்களுக்காகவும், நேர்மையா காத்திருந்தவங்களுக்காகவும் சட்டத்துல ஏறினது.

அந்தச் சின்ன எழுத்துல இன்னும் ஏறாதது, காய்ச்சின கைகள். நியரஸ்ட் கிரீன் பெயருக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆச்சு. 2017ல் அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி வந்தது. ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமத்தி பெயர் எந்தப் பாட்டில்லயும் நான் இன்னும் பாக்கல. 2007ல திரும்பக் கட்டின மவுண்ட் வெர்னன் டிஸ்டிலரியில அதே 60, 35, 5 கணக்குல இப்பவும் காய்ச்சி விக்கிறாங்க. அந்த ரை எப்பவாவது உங்க கிளாஸ்ல வந்தா, முதல் வாய்க்கு முன்னாடி அந்த ஆறு பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க.

இந்த எபிசோட் அவ்வளவுதான். கேள்வி இருந்தா அனுப்புங்க. குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.